சட்டகத்தைத் தனியாக்குதல்: குளிர்காலக் கராஜில் ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரிக்கும் முறை

மோட்டார் சைக்கிளின் மற்ற உறுப்புகள் அனைத்தும் எதன்மீது பொருத்தப்பட்டிருக்கின்றனவோ, அந்த உலோகக் கட்டமைப்பே சட்டகம் எனப்படும். மெக்கானிக்குகள் அதைச் சேசிஸ் என்றோ பிரேம் என்றோ குறிப்பிடுவர். சட்டகத்தைக் கழற்றுவது என்று பேச்சு வழக்கில் சொல்லப்பட்டாலும், பெட்ரோல் தொட்டி தொடங்கி எஞ்சின், சக்கரங்கள், வயரிங் ஈறாக எல்லாவற்றையும் அதிலிருந்து நீக்கிய பின் கடைசியாக எஞ்சுவதே சட்டகம் என்பதால், இது ஓர் உறுப்பைக் கழற்றும் வேலையாக இல்லாமல் முழு வண்டியையும் பிரிக்கும் வேலையாகவே அமைகிறது. ஆகவே இதற்குக் கைவலிமையைவிட வரிசை முறையும், கழற்றியவற்றைப் பதிவு செய்யும் ஒழுங்கும் முதன்மையானவை. பிரிப்பது ஒரு வார இறுதியில் முடிந்துவிடக்கூடும். பதிவு சரியில்லையென்றால் பூட்டுவது ஒரு பருவத்தையே விழுங்கிவிடும்.

மொன்றியலில் இந்த வேலைக்கென்று இயற்கையே ஒரு காலத்தை ஒதுக்கி வைத்திருக்கிறது. ஆண்டுதோறும் சராசரியாக 2 மீட்டர் அளவுக்குப் பனி பொழியும் இந்நகரில் நவம்பரில் ஒதுக்கி வைக்கப்படும் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை ஏப்ரலில்தான் மீண்டும் தெருவுக்கு வருகின்றன. இடைப்பட்ட ஐந்து மாதங்கள் சட்டக வேலைக்குப் போதுமானவையே. எனினும், கியூபெக்கில் வாடகை ஒப்பந்தங்களில் மிகுதியானவை ஜூன் 30 அன்று முடிந்து, ஜூலை 1 அன்று நகரமே வீடு மாறும் வழக்கம் இருப்பதால், பார்க் எக்ஸ்டென்ஷனிலோ கோத்-தே-நேஜிலோ வாடகைக்குக் குடியிருப்போர் வேலையை வசந்தத்துக்கு அப்பால் இழுத்துச் செல்வது விவேகமன்று. அட்டைப்பெட்டிகளில் கிடக்கும் ஒரு மோட்டார் சைக்கிளை, வளைந்து இறங்கும் வெளிப்புற இரும்புப் படிக்கட்டு வழியே வீடு மாற்றுவதற்கு எந்த நண்பரும் இரண்டாம் முறை வரமாட்டார்.

இங்கே சட்டகங்கள் கெடுவதற்கு இரண்டு காரணங்கள் மேலோங்கி நிற்கின்றன. முதலாவது உப்பு. குளிர்காலத்தில் சாலைகளில் தூவப்படும் உப்பு, பனி உருகிய பின்னும் வசந்தகாலத் தெருக் கழுவல் முடியும்வரை தூசியாகச் சாலையோரங்களில் தங்கிவிடுகிறது. ஏப்ரல் தொடக்கத்தில் ஆவலோடு வெளியே எடுக்கப்படும் வண்டியின் அடிக்குழாய்களிலும் பற்றவைப்புப் பிளவுகளிலும் அது ஒட்டிக்கொண்டு, காற்றின் ஈரத்தை ஈர்த்து, பூச்சுக்கு அடியில் துருவை வளர்க்கிறது. இரண்டாவது சாலைக் குழி. நீர் உறைவதும் உருகுவதுமாக மாறி மாறித் தார்ச்சாலையை உடைக்கும் இந்நகரின் குழிகள், சக்கர வளையத்தையும் ஃபோர்க் குழாய்களையும் முதலில் தாக்கினாலும், அடி பலமாக இருந்தால் அதன் விசை ஃபோர்க் வழியாகச் சட்டகத்தின் ஸ்டியரிங் தலை வரை சென்று சேர்கிறது. ஸ்டியரிங் தலை என்பது ஃபோர்க்கின் அச்சுத் தண்டு நுழைந்து திரும்பும் குறுங்குழாய். சட்டகத்தின் வடிவியல் முழுவதும் அதன் சாய்வைச் சார்ந்தே நிற்கிறது.

பிரிக்கத்தான் வேண்டுமா

தேவையில்லாமல் பிரிக்கப்படும் வண்டிகள் ஏராளம். கீழே விழுந்த வண்டி நேராக ஓடாமல் ஒரு பக்கமாக இழுத்தால் சட்டகம் வளைந்துவிட்டது என்று முடிவு கட்டுவது எளிது. ஆனால் விழுந்த வேகத்தில் ஃபோர்க் குழாய்கள் தம்மைப் பற்றியிருக்கும் பிடிகளுக்குள் முறுக்கிக்கொண்டாலும் இதே அறிகுறிதான் தோன்றும். முன்சக்கர அச்சையும் கீழ்ப் பிடியின் போல்ட்டுகளையும் தளர்த்தி, ஃபோர்க்கைச் சில முறை அழுத்தி விட்டு, குழாய்களை இணையாக்கி மீண்டும் இறுக்கினால் பல வண்டிகள் நேராகிவிடும். இதைச் செய்து பார்க்காமல் எஞ்சினைக் கழற்றத் தொடங்குவது வீண் உழைப்பு.

அதன் பின்னும் ஐயம் நீங்காவிட்டால் நூல் பிடித்துப் பார்க்கலாம். வண்டியை நிமிர்த்தி நிறுத்தி, பின்சக்கர டயரின் இரு பக்கங்களிலும் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் தொடுமாறு ஒவ்வொரு நூலை இழுத்து, முன்சக்கரத்தைத் தாண்டிக் கட்ட வேண்டும். முன் டயர் பெரும்பாலும் பின் டயரைவிட ஒடுக்கமானது என்பதால் இருபுறமும் நூலுக்கும் டயருக்கும் இடையே இடைவெளி இருக்கும்; அந்த இடைவெளி இரு புறமும் சமமாக இருந்தால் சக்கரங்கள் ஒரே கோட்டில் நிற்கின்றன என்று கொள்ளலாம். சமமில்லையென்றால், பின்சக்கரம் செயின் இழுப்பியில் கோணலாகப் பூட்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். சக்கரங்களை வேண்டுமென்றே சிறிது விலக்கி அமைத்த வண்டிகளும் சில உண்டு என்பதால் பழுதுபார்ப்புக் கையேட்டைப் புரட்டிப் பார்ப்பதும் அவசியம்.

கண்ணால் காணத்தக்க சான்றுகளும் உள்ளன. ஸ்டியரிங் தலைக்குச் சற்றுக் கீழே, முன்னிறங்கு குழாயின் பின்புறத்தில் பூச்சு சுருங்கியோ உதிர்ந்தோ இருப்பதும், பற்றவைப்பு ஓரத்தில் மயிரிழை போன்ற துருக்கோடு தெரிவதும், ஹேண்டிலின் திருப்பத்தைத் தடுக்கும் முட்டுக்கட்டை நசுங்கியிருப்பதும் அவற்றுள் முக்கியமானவை. விரிசலா கீறலா என்ற ஐயத்தைத் தீர்க்க ஊடுருவு சாயம் விற்கப்படுகிறது. துடைத்த உலோகத்தில் சிவப்புச் சாயத்தைத் தெளித்து, மேற்பரப்பைத் துடைத்தெடுத்து, வெள்ளை வெளிக்கொணர்வியைத் தெளித்தால், விரிசலுக்குள் ஒளிந்திருக்கும் சாயம் சிவப்புக் கோடாக வெளியே கசியும். கீறலில் சாயம் ஆழத்தில் தங்குவதில்லை.

எந்தச் சட்டகம் என்பதைப் பொறுத்தே வழி

சட்டகங்கள் எல்லாம் ஒரே வகையில் எஞ்சினைத் தாங்குவதில்லை. சென்னைத் திருவொற்றியூரில், 1955இல் நிறுவப்பட்ட என்ஃபீல்ட் இந்தியாவின் ஆலையிலிருந்து வெளிவந்த பழைய புல்லட்டில், முன்னிறங்கு குழாய் எஞ்சினின் முன்பகுதியோடு முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குழாய் கிடையாது. எஞ்சின் உறையும் அதன் இரும்புத் தகடுகளுமே சட்டகத்தின் அடிப்பகுதியாகச் சுமையைத் தாங்குகின்றன. இத்தகைய வண்டியில் எஞ்சினுக்கு அடியில் ஜாக்கி வைத்துக்கொண்டே எஞ்சினைக் கழற்ற முயல்பவர், வண்டி முழுவதும் அந்த ஒரு ஜாக்கியை நம்பி நிற்பதைத் தாமதமாகத்தான் உணர்வார். சட்டகத்தைத் தனியே தாங்கும் ஏற்பாடு முதலில் தேவை. அதே நிறுவனத்தின் வழிவந்த ராயல் என்ஃபீல்ட், தான் 2015இல் வாங்கிய ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ் என்ற பிரித்தானியச் சட்டக வடிவமைப்பு நிறுவனத்தின் துணையோடு உருவாக்கிய 650 சிசி இண்டர்செப்டரில் இரட்டைத் தொட்டில் சட்டகம் உள்ளது. அதாவது எஞ்சினின் இரு புறமும் குழாய்கள் கீழிறங்கி அதன் அடியைச் சுற்றிச் செல்கின்றன. தமிழ்நாட்டில் உருவாகி மொன்றியல் தெருக்களில் ஓடும் இந்த இரு வண்டிகளுக்கும் இடையிலேயே வேலை முறை இவ்வளவு வேறுபடுகிறது.

கியூபெக்கின் சொந்த மோட்டார் சைக்கிளான கேன்-ஆம் தனிக் கவனத்துக்குரியது. மொன்றியலுக்குக் கிழக்கே உள்ள வால்கூரில், பனிவண்டிகளுக்குப் பெயர்பெற்ற பம்பார்டியர் நிறுவனம் 1973இல் விற்பனைக்குக் கொண்டுவந்த இவ்வண்டிகளின் தொடக்க கால மாடல்களில் இரண்டு விசித்திரங்கள் உள்ளன. எஞ்சினுக்கான எண்ணெய் தனித் தொட்டியில் இல்லாமல் சட்டகத்தின் முதுகுக் குழாய்க்குள்ளேயே நிரப்பப்படுகிறது. மேலும் ஸ்டியரிங் தலையின் சாய்வை, பேரிங் இருக்கைக் கிண்ணங்களை மாற்றியமைத்துக் கூட்டவோ குறைக்கவோ இயலும். முன்னதை அறியாமல் சட்டகத்தைப் பற்றவைப்புக்கு அனுப்பினால் உள்ளிருக்கும் எண்ணெய் தீப்பற்றும்; பின்னதைக் குறித்துக்கொள்ளாமல் கிண்ணங்களைத் தட்டி எடுத்தால், திரும்பப் பூட்டிய வண்டி வேறொரு வண்டியாக ஓடும். சட்டகத்துக்குள் எண்ணெய் நிரப்பும் வழக்கம் கேன்-ஆமுக்கு மட்டும் உரியதன்று. 1971 மாடல் டிரையம்ப் 650களிலும், யமஹாவின் எக்ஸ்டி 500, எஸ்ஆர் 500 ஆகியவற்றிலும் இதே ஏற்பாடுதான். இவற்றின் சட்டகத்தை மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்யும்போது ஒரு மணல் பருக்கை உள்ளே தங்கினாலும் அது நேரே எஞ்சினின் பேரிங்குகளுக்குப் போய்ச் சேரும். அத்தகைய சட்டகத்துக்கு மணல் பீய்ச்சாமல், வேதிக் கரைசலால் பூச்சை நீக்குவதே பாதுகாப்பு.

சட்டக எண்

கனடாவில் விற்கப்பட்ட 1981க்குப் பிந்தைய வண்டிகளில் 17 எழுத்து-இலக்கங்கள் கொண்ட அடையாள எண், பெரும்பாலும் ஸ்டியரிங் தலையின் பக்கவாட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். சட்டத்தின் பார்வையில் மோட்டார் சைக்கிள் என்பது இந்த எண்ணே. எஞ்சினை மாற்றினாலும் வண்டி அதே வண்டி, சட்டகத்தை மாற்றினால் அது வேறு வண்டி. தகுந்த காரணமின்றி இந்த எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் கனடியக் குற்றவியல் சட்டத்தின் 353.1ஆம் பிரிவின்படி குற்றம். நியாயமான பழுதுபார்ப்பின்போது நேர்வதற்கு அப்பிரிவு விலக்கு அளிக்கிறது என்றாலும், விலக்கை நிரூபிக்கும் நிலைக்குப் போகாமலிருப்பதே நல்லது. ஆகையால் வேலை தொடங்குமுன் எண்ணை நெருக்கத்தில் படமெடுத்து வைப்பதும், மணல் பீய்ச்சுபவரிடமும் பூச்சுப் பட்டறையிலும் அந்த இடத்தை மறைத்துவிடச் சொல்வதும் தவறாமல் செய்ய வேண்டியவை. விபத்தில் பெருஞ்சேதமுற்றதாகப் பதிவான வண்டியாயின், எஸ்ஏஏக்யூ என்று அறியப்படும் கியூபெக் வாகனக் காப்புறுதி நிறுவனம் தொழில்நுட்ப ஆய்வும் இயந்திரப் பரிசோதனையும் கோரும் என்பதால், பாகங்கள் வாங்கிய ரசீதுகளையும் வேலையின் படங்களையும் தொடக்கம் முதலே ஒரு கோப்பில் சேர்த்து வருவது பின்னாளில் பெரும் அலைச்சலைத் தவிர்க்கும்.

இடமும் குளிரும்

மொன்றியலின் டூப்ளெக்ஸ் வீடுகள் பலவற்றில் கராஜ் தெருமட்டத்துக்குக் கீழே, சரிவான பாதையின் முடிவில், வீட்டின் அடித்தளத்தோடு ஒட்டியிருக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் அது இத்தகைய பள்ளமான அறையில் தரையோடு படிந்து, கதவிடுக்கு வழியே பரவி, நீர்சூடாக்கியின் சுடரையோ மின்சூடேற்றியின் பொறியையோ எட்டக்கூடும். ஆகவே பெட்ரோலைத் தொட்டியிலிருந்து இறக்கும் வேலை மட்டும் எவ்வளவு குளிராயினும் வெளியில்தான் நடக்க வேண்டும். இறக்கிய தொட்டியும் வீட்டுக்குள் வைக்கத்தக்கதன்று.

சூடேற்றப்படாத கராஜிலோ துணிக்கூடாரத்திலோ வேலை செய்வோர் குளிரின் வேறொரு குறும்பையும் அறிந்திருக்க வேண்டும். பூச்சியத்துக்கு 10, 15 பாகை கீழே பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மை பெறுகிறது. கோடையில் விரலால் அழுத்தினால் திறக்கும் வயரிங் இணைப்பிகள் அப்போது உடைந்து கையோடு வந்துவிடும். ரப்பர் குழாய்களும் விறைத்துக் கிழியும். வயரிங்கைத் தொடுமுன் அப்பகுதியை வெப்பக்காற்றுக் கருவியால் மிதமாகச் சூடாக்கலாம். அல்லது வயரிங் இணைப்பிகளை விடுவிக்கும் வேலையை நவம்பரிலேயே முடித்துவிட்டுக் கடுங்குளிருக்கு இரும்பு வேலையை விட்டுவைக்கலாம். இரண்டாவது வழியே மேல்.

பதிவு

ஒவ்வோர் உறுப்பையும் கழற்றுமுன் ஒரு படம், கழற்றிய பின் ஒரு படம் என்பது போதுமான விதி. படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் உறுப்பை மட்டும் நெருங்கி எடுத்துவிட்டு, அது வண்டியில் எங்கே இருந்தது என்று தெரியாமல் பின்னர் விழிப்பதால், தூரத்திலிருந்தும் ஒன்று எடுப்பது பயன் தரும். போல்ட்டுகளைச் சிறு பைகளில் இட்டு, எங்கிருந்து வந்தவை என்று எழுதி ஒட்ட வேண்டும். எஞ்சின் உறையின் போல்ட்டுகள் ஒன்றுக்கொன்று நீளம் வேறுபடும் என்பதால் அவற்றை, உறையின் வடிவம் வரையப்பட்ட அட்டையில் துளையிட்டு, இருந்த இடத்திலேயே குத்தி வைக்கும் பழைய பட்டறை வழக்கத்தைவிடச் சிறந்ததொன்று இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. எஞ்சினுக்கும் சட்டகத்துக்கும் இடையே செருகப்பட்டிருக்கும் மெல்லிய வாஷர்களும் குறுங்குழல்களும் குப்பை போலத் தோன்றினாலும், அவை ஒவ்வொன்றும் ஓர் அளவுக்காக வைக்கப்பட்டவை. எந்தப் பக்கத்தில் எத்தனை இருந்தன என்பது குறிக்கப்பட வேண்டும்.

சக்கரங்களில் நிற்கும்போதே தளர்த்த வேண்டியவை

புதியவர்கள் பலரும் இடறும் இடம் இது. பெரிய நட்டுகளைத் தளர்த்துவதற்குத் தேவையான எதிர்விசையை வண்டியின் சொந்த எடையே தருகிறது. பிரித்துப் போட்ட பின் அந்த எடை கிடைப்பதில்லை. எனவே எதையும் கழற்றுமுன், வண்டி தன் டயர்களில் நிற்கும் நிலையிலேயே, பின் அச்சு நட்டு, முன் அச்சு நட்டு, ஸ்டியரிங் தண்டின் உச்சி நட்டு, ஸ்விங் ஆர்மின் சுழல் போல்ட், எஞ்சின் மவுண்ட் போல்ட்டுகள், சைலன்சர் நட்டுகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கால்சுற்று மட்டும் தளர்த்திவிட்டு மறுபடி கையால் இறுக்கி வைக்க வேண்டும். ஸ்விங் ஆர்ம் என்பது பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் கவைக்கரம். முன் ஸ்பிராக்கெட்டின் நட்டை, செயின் இன்னும் பூட்டியிருக்கையில், ஒருவர் பின் பிரேக்கை மிதித்துக்கொள்ள மற்றொருவர் தளர்த்துவதே எளிய வழி.

உப்பில் ஓடிய வண்டியின் ஸ்விங் ஆர்ம் போல்ட் மட்டும் இந்த முயற்சிக்கு அவ்வளவு எளிதில் இணங்குவதில்லை. நீண்ட அந்தப் போல்ட் தன்னைச் சூழ்ந்த உட்குழலோடு துருவால் ஒன்றாகிவிடுகிறது. ஊடுருவும் எண்ணெயை இரு முனைகளிலும் நாள்தோறும் விட்டு ஒரு வாரம் ஊறவிடுவதும், பிறகு சட்டகத்தின் அந்தப் பகுதியைச் சூடாக்கி, போல்ட்டைச் சுழற்ற முயல்வதும் முறை. சுழலத் தொடங்காத போல்ட்டைச் சுத்தியலால் அடித்தால் முனை காளான் போல விரிந்து, பின்னர் எதிர்ப்பக்கமாகவும் வராமல் போகும். அடித்துத்தான் ஆக வேண்டுமென்றால், நட்டை முனையோடு சமமாகத் திருகி வைத்து, பித்தளைத் துண்டின் மீதே அடிக்க வேண்டும்.

ஜப்பானிய வண்டிகளின் குறுக்குத் தலைத் திருகுகள் மேலைநாட்டுத் திருப்புளியின் நுனியோடு சரியாகப் பொருந்துவதில்லை. ஜப்பானியத் தரத்துக்கு அமைந்த திருப்புளியைத் தேடி வாங்கினால் பாதித் திருகுகள் சிதையாமல் தப்பும். பழைய புல்லட்டுக்கோ பிரித்தானிய அளவு ஸ்பேனர்கள் தேவை. மெட்ரிக் ஸ்பேனரை வைத்து ஒப்பேற்றுவது நட்டின் மூலைகளை உருட்டிவிடும்.

கழற்றும் வரிசை

முதலில் பாட்டரி, அதில் எதிர்முனைக் கம்பியே முதலில் விடுவிக்கப்படும். பின் இருக்கை, பெட்ரோல் தொட்டி, பக்க மூடிகள், சைலன்சர் ஆகியவை நீங்கினால் சட்டகம் ஓரளவு கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். எஞ்சின் எண்ணெயை வடித்து, கார்புரேட்டரையோ எரிபொருள் தெளிப்பானின் உடலையோ அகற்றி, உள்ளிழுப்புத் துளைகளைச் சுத்தமான துணியால் அடைத்துவிட வேண்டும். அந்தத் துணி கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருந்தால் பின்னர் உள்ளேயே மறந்துவிட வாய்ப்பில்லை. கிளட்ச், ஆக்ஸிலரேட்டர் கேபிள்களை எஞ்சின் முனையில் மட்டும் விடுவித்து ஹேண்டிலோடு தொங்கவிடலாம். ஏபிஎஸ் உள்ள வண்டிகளில் பிரேக் குழாய்களைத் துண்டித்தால், காற்றை வெளியேற்றுவதற்குச் சில மாடல்களில் கணினிக் கருவி தேவைப்படும் என்பதால், இயன்றவரை காலிப்பர், குழாய், அழுத்தப் பெட்டி ஆகிய முழுத் தொகுதியையும் திறக்காமல் அப்படியே இறக்கிவிடுவது புத்திசாலித்தனம். காலிப்பரைக் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வைக்க வேண்டும்.

அடுத்து எஞ்சின். சக்கரங்களும் ஃபோர்க்கும் இருக்கும்போதே எஞ்சினை இறக்குவது பொதுவான முறை. வண்டி தன் கால்களில் நிற்பதாலும் தேவைப்பட்டால் உருட்ட முடிவதாலும் இது வசதியானது. எஞ்சினைக் கழற்றாமல் முன்சக்கரத்தை மட்டும் முதலில் எடுப்பவர், எடை முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து வண்டி ஸ்டாண்டிலிருந்து சரிவதைக் காண நேரும். எஞ்சினுக்கு அடியில் மரப்பலகையோடு ஜாக்கியை வைத்து, எடையைச் சற்றே ஏந்திய பின் மவுண்ட் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக உருவ வேண்டும். கடைசிப் போல்ட் அசைய மறுத்தால் அதன் பொருள் எஞ்சினின் எடை அதன்மீது சாய்ந்திருக்கிறது என்பதே. ஜாக்கியைச் சில மில்லிமீட்டர் ஏற்றியும் இறக்கியும் பார்த்தால், எடை சமநிலைக்கு வரும் புள்ளியில் அந்தப் போல்ட் விரலாலேயே சுழலும். பலத்தைப் பயன்படுத்த நேர்ந்தால் ஜாக்கியின் உயரம் தவறு என்று கொள்ளலாம். கூரை உத்தரத்தில் கொக்கி மாட்டி எஞ்சினைத் தூக்க நினைப்போர், நூறாண்டு கடந்த ட்ரிப்ளெக்ஸின் மர உத்தரம் எவ்வளவு தாங்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்; மேல்மாடியில் இருப்பது வேறொருவரின் சமையலறை.

நான்கு சிலிண்டர் கொண்ட கனமான எஞ்சின்களுக்கு மற்றொரு முறை உண்டு. 1969இல் வெளிவந்த ஹோண்டா சிபி 750இன் எஞ்சின் ஏறத்தாழ 80 கிலோ எடையுள்ளது. அதைச் சட்டகத்தின் இடுக்கிலிருந்து வெளியே எடுப்பது இருவருக்கும் கடினம். ஆகையால் எல்லாத் திரவங்களையும் வடித்து, பாட்டரியை நீக்கிய பின், வண்டியையே பழைய டயர்கள் அல்லது தடித்த கம்பளத்தின் மீது பக்கவாட்டில் படுக்க வைத்து, மவுண்ட் போல்ட்டுகளை உருவி, தரையில் கிடக்கும் எஞ்சினின் மீதிருந்து சட்டகத்தைத் தூக்கி எடுத்துவிடுவர். சட்டகத்தைக் கழற்றுதல் என்ற சொல் அதன் நேர்ப்பொருளில் உண்மையாவது இந்த ஒரு முறையில்தான். இங்கே ஃபோர்க்கும் பின்சக்கரமும் முன்கூட்டியே நீக்கப்பட வேண்டும். தூக்கும் எடை அதனால் குறைகிறது. எந்தப் பக்கமாகப் படுக்க வைத்தால் எஞ்சின் தடையின்றி விடுபடும் என்பது மாடலுக்கு மாடல் வேறுபடுவதால், அதைக் கையேட்டில் முன்பே பார்த்துவிட வேண்டும்.

எஞ்சின் போன பின் எஞ்சியவை விரைவாகவே கழன்றுவிடும். சட்டகத்தை நடுவில் ஸ்டாண்டுகளால் தாங்கி, முன்சக்கரம், ஃபோர்க், ஹேண்டில் என்று முன்பக்கத்தையும், பின்சக்கரம், ஷாக் அப்சார்பர், ஸ்விங் ஆர்ம் என்று பின்பக்கத்தையும் நீக்கலாம். பழைய வண்டிகளின் ஸ்டியரிங் தலையில், தமிழ்நாட்டில் கோன் செட் எனப்படும் பேரிங் தொகுதி உதிரிக் குண்டுகளால் ஆனது; தண்டைக் கீழே இறக்கும் கணத்தில் அவை சிதறி ஓடும் என்பதால் அடியில் ஒரு துணியை விரித்துக்கொள்வது நன்று. வயரிங்கைக் கடைசியாக, ஒவ்வொரு முனைக்கும் பெயர் ஒட்டியபடி, வெட்டாமல் ஒரே தொகுதியாக உருவ வேண்டும்.

வடித்த எண்ணெய், பிரேக் திரவம், பழைய பாட்டரி ஆகியவற்றைச் சாக்கடையில் விடுவதற்கு எந்தச் சாக்கும் இல்லை. அக்கடி, கோத்-தே-நேஜ், லசால் உள்ளிட்ட இடங்களில் மாநகராட்சி நடத்தும் எக்கோசாந்தர் எனும் கழிவு ஏற்பு மையங்கள் நகரவாசிகளிடமிருந்து இவற்றைப் பெற்றுக்கொள்கின்றன.

வெற்றுச் சட்டகம்

வீட்டில் செய்யத்தக்க வேலை இங்கே ஓர் எல்லையை எட்டுகிறது. எஃகுச் சட்டகத்தின் வளைவை நிமிர்த்துவதும் விரிசலைப் பற்றவைப்பதும், சட்டகத்தை அசையாமல் பிணைத்து அளக்கும் தாங்கு அச்சு உள்ள பட்டறைக்குரியவை. பற்றவைப்பின் வெப்பம் குழாயை இழுத்து ஸ்டியரிங் தலையின் கோணத்தை மாற்றிவிடக்கூடும் என்பதால், வேலைக்கு முன்னும் பின்னும் அளக்காமல் பற்றவைப்பவரிடம் சட்டகத்தைத் தருவதில் பொருளில்லை. அலுமினியச் சட்டகங்களில் பல, வெப்பப் பதப்படுத்தலால் வலிமை பெற்றவை. பற்றவைத்த இடத்தைச் சுற்றி அவ்வலிமை குறைந்துவிடும். ஸ்டியரிங் தலைக்கு அருகே வளைந்த அலுமினியச் சட்டகத்தைச் செம்மையாக்க முயல்வதைவிட, ஆவணங்கள் சரியாக உள்ள மாற்றுச் சட்டகத்தை வாங்குவதே ஏற்புடையது. பட்டறைக்கு அனுப்புமுன் சட்டகத்தைச் சுத்தம் செய்வோர் குளோரின் கலந்த பிரேக் கிளீனரை மட்டும் தவிர்க்க வேண்டும். அதன் எச்சம் பற்றவைப்பின் மின்வில்லில் பட்டால் பாஸ்ஜீன் என்ற கொடிய நச்சுவாயுவாக மாறும்.

பவுடர் பூச்சு என்பது மின்னூட்டம் பெற்ற நிறத்தூளைப் படியச் செய்து, ஏறத்தாழ 200 பாகை செல்சியஸில் அடுப்பிலிட்டு உருக்கும் முறை. இது உப்பை நன்றாகத் தாங்கும். ஆனால் திருகு துளைகள், பேரிங் இருக்கைகள், மின்சுற்றின் நிலத்தொடுப்பு இடம், சட்டக எண் ஆகியவை மறைக்கப்படாவிட்டால் அவை ஒவ்வொன்றும் பின்னர் தனித்தனித் தொல்லையாகும். கோன் செட்டின் பழைய வளையங்களைப் பூச்சுக்கு முன்பே தட்டி எடுத்துவிட வேண்டும். புதிய வளையங்களைப் பொருத்துவதில் மட்டும் மொன்றியலின் குளிர் வேலைக்காரனாக உதவுகிறது. 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு வளையம் 40 பாகை குளிரும்போது ஏறத்தாழ 0.024 மில்லிமீட்டர் சுருங்குகிறது. ஜனவரி இரவில் வளையங்களை வெளியே வைத்துவிட்டு, ஸ்டியரிங் தலையை வீட்டின் வெப்பத்துக்குக் கொண்டுவந்து பொருத்தினால், சுத்தியலுக்கு வேலை மிகக் குறைவு.

பூட்டுவது கழற்றியதன் நேர் எதிர்வரிசை. கையேட்டில் உள்ள டார்க் அளவுகளுக்கேற்ப, எடை டயர்களில் இறங்கிய பின்னரே பெரிய நட்டுகள் இறுதியாக இறுக்கப்பட வேண்டும். புதிய பவுடர் பூச்சு போல்ட்டுத் தலைகளுக்கு அடியில் மெல்ல அழுந்தி இறுக்கத்தைக் குறைக்கும் என்பதால், ஏப்ரலில் வண்டி தெருவுக்கு வந்து முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியவுடன், எஞ்சின் மவுண்ட் போல்ட்டுகளையும் கோன் செட்டையும் டார்க் ரெஞ்சால் மறுபடி சரிபார்க்க வேண்டும்.